எந்த நாட்டிலும் இல்லாத டவர்

கோலார் தங்கவயலிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குப் போய்க் கப்பல் ஏறப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்ற தாத்தா, பாட்டி, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், பத்தாவது படிக்கும் பேரன். சென்னையில் கிளம்பி இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பலில் மகள் டிக்கெட் போட்டிருக்கிறாள். பாஸ்போர்ட் தயார், பெட்டி தயார், தாத்தாவின் சர்க்கரை மாத்திரைகள் தயார். ஒரே ஒரு கேள்விதான் பாக்கி: போனுக்கு என்ன ரீசார்ஜ் போடுவது?

பேரனின் பதில் உடனே வரும்: இலங்கைக்கு ரோமிங் பேக் போட்டால் போதும். முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதிலும் அதுதான். கரையில் அது சரி. ஆனால் அந்தப் பயணத்தின் பெரும்பகுதி இந்தியாவிலும் கழியாது, இலங்கையிலும் கழியாது. நடுக்கடலில் கழியும். அங்கே போன் பிடிக்கும் டவர் இரண்டு நாடுகளுக்கும் சொந்தமில்லாதது.

எல்லை தாண்டினால் போன் கட்டணம் மாறும் என்பது தங்கவயல்காரர்களுக்குப் புதிய செய்தியல்ல. மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பங்காருப்பேட்டையில் மாறிச் சென்னைக்குப் போகிறவரின் போன், முதலில் கர்நாடகத் தொலைத்தொடர்பு வட்டத்தில் இருக்கும். குப்பம் வரும்போது ஆந்திர வட்டம். ஜோலார்பேட்டைக்குள் தமிழ்நாட்டு வட்டம். ஒரு பகல் பயணத்தில் மூன்று வட்டங்கள். ஒரு காலத்தில் இந்த ஒவ்வொரு தாவலுக்கும் காசு போனது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்து மாநில டவர் போனைப் பிடித்துக்கொண்டு ‘ரோமிங்’ காட்டுவது எல்லையோர ஊர்களில் சாதாரணம். 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்புகளை நாடு முழுக்க இலவசமாக்கியது. 2016இல் ஜியோ வந்தது, 2017இல் ஏர்டெல் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை எடுத்தது. அதன்பின் அந்தச் சொல்லே பலருக்கு மறந்துபோயிற்று.

கடலில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதுவும் பல மடங்கு விலையோடு.

கரை எவ்வளவு தூரம் வரும்?

2023 ஜூன் 5 அன்று ‘எம்.வி. எம்ப்ரஸ்’ என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குக் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்கள் அதன் வழித்தடத்தில் இருந்தன. கார்டீலியா குரூசஸ் நிறுவனம் இயக்கும் இந்தக் கப்பல் 1990இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் பிரான்சில் கட்டப்பட்டது. மிதக்கும் பல மாடிக் கட்டடம் போன்ற இப்படி ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும்போது, அதில் இருக்கும் எல்லோர் கையிலும் சென்னை டவர்களின் சிக்னல் முழுசாக இருக்கும். பிறகு ஒவ்வொரு கட்டமாகக் குறையும். எத்தனை தூரத்தில் முற்றிலும் போகும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

செல்போன் அலைகள் ஏறத்தாழ ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. கடலில் மலையோ கட்டடமோ குறுக்கே நிற்பதில்லை. கடலின் வளைவே மறைக்கிறது. காற்று மண்டலம் அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைப்பதால், கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைவிடச் சற்றுத் தள்ளியும் அது போகும். இதற்கான கணக்கு எளிது: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். கரையில் 40 மீட்டர் உயர டவருக்கு இது 26 கிலோமீட்டர். கப்பலின் மேல்தளத்தில், நீர்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் நிற்பவர் கையிலுள்ள போனுக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டினால் சுமார் 46 கிலோமீட்டர். கப்பல் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்குள் கரை முடிந்துவிடும்.

பழைய 2ஜி முறையில் இன்னொரு தடையும் உண்டு. அதில் ஒவ்வொரு போனுக்கும் பேச ஒரு நொடித்துளி ஒதுக்கப்படும். போன் அனுப்பும் சேதி அந்தத் துளிக்குள் டவரை வந்தடைய வேண்டும். அலை ஒளிவேகத்தில் போனாலும் தூரம் கூடக்கூடத் தாமதம் கூடும். அந்தத் தாமதத்தைச் சரிக்கட்ட 2ஜியில் 63 படிகள்தான் இருக்கின்றன. ஒரு படிக்குச் சுமார் 550 மீட்டர் வீதம், எல்லை 35 கிலோமீட்டரில் நின்றுவிடும். அதற்கப்பால் திரையில் கட்டங்கள் தெரிந்தாலும் பேச முடியாது. 4ஜியில் இந்த எல்லை 100 கிலோமீட்டர் வரை விரிந்தது. ஆனாலும் கரையோர ஆன்டெனாக்களில் பெரும்பாலானவை மக்கள் வசிக்கும் தெருக்களைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டவை. கடலுக்குக் கிடைப்பது மிச்சம்.

சில நாட்களில் கணக்கு பொய்த்துப்போவதும் உண்டு. கடலுக்கு மேலே வெப்பக் காற்று அடுக்குப் படியும்போது அலைகள் அதற்கும் நீருக்கும் நடுவே குழாயில் ஓடுவதுபோல வெகுதூரம் ஓடும். 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சியை, தமிழகக் கரையோர ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிப் பார்த்த தலைமுறைக்கு இந்த விந்தை பழக்கமானது. இன்று அதே காட்சி செல்போனில் நடக்கிறது. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நிற்பவரின் போனில் சில வேளை இலங்கை நிறுவனத்தின் வரவேற்புச் செய்தி வந்துவிடும். எதிரே தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

விடுமுறைக்குப் போகிறவருக்குச் சிக்னல் போவது ஓர் எரிச்சல். மீன்பிடிக்கப் போகிறவருக்கு அது உயிர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் உருவெடுத்தபோது, ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கை சொல்ல வழி இல்லாமல் போனது. செல்போன் டவரின் எல்லையைத் தாண்டி அவர்கள் பல நாட்கள் முன்பே போயிருந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை ஆழ்கடல் படகுக்கே அனுப்பும் ‘ஜெமினி’ என்ற கருவி 2019இல் அறிமுகமானது. டவர் எங்கே முடிகிறது என்பதைத் தெரிந்துவைப்பது கடலோடிகளுக்கு இவ்வளவு பெரிய விஷயம்.

901 என்று தொடங்கும் எண்

சொகுசுக் கப்பலில் கரை மறைந்ததும் போன் ஊமையாகிவிடாது. சற்று நேரத்தில் புதிய சிக்னல் ஒன்று முழுக் கட்டங்களோடு வந்து நிற்கும். அதுதான் கப்பலின் சொந்த டவர்.

டவர் என்றால் கம்பம் அல்ல. கப்பலின் உடல் முழுக்க எஃகு; எஃகு அலைகளை உள்ளே விடாது. அதனால் தாழ்வாரங்களிலும் உணவுக்கூடத்திலும் சின்னச் சின்ன ஆன்டெனாக்களைப் பொருத்தி, கப்பலுக்குள்ளேயே குட்டி செல்போன் நிலையங்களை அமைக்கிறார்கள். அவை எல்லாம் ஒரே கருவியில் சேர்கின்றன. அங்கிருந்து கம்பி மேல்தளத்துக்குப் போகிறது. கப்பலின் உச்சியில் வெள்ளைப் பானையைக் கவிழ்த்ததுபோல ஒரு கூடு இருக்கிறதே, அதற்குள் ஒரு டிஷ். கப்பல் எப்படி ஆடினாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும், மோட்டார்கள் அந்த டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி ஒரே செயற்கைக்கோளை நோக்கி நிறுத்துகின்றன. சேதி மேலே போய், பூமியில் எங்கோ ஒரு நாட்டில் உள்ள தரைநிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கம்பி வழியாகச் சிம் கார்டு நிறுவனத்தை வந்தடைகிறது. பக்கத்து அறையில் இருக்கும் மகளைத் தாத்தா செல்போனில் கூப்பிட்டாலும், அந்த அழைப்பு வானத்துக்கு ஏறி இறங்கித்தான் வரும்.

புவியிணைச் செயற்கைக்கோள் இருக்கும் உயரம் 35,786 கிலோமீட்டர். ஏறி இறங்க ஏறத்தாழ கால் நொடி. பதில் வந்து சேர இன்னொரு கால் நொடி. ‘ஹலோ’ சொன்னால் அரை நொடி மௌனம். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவது இதனால்தான். ஸ்டார்லிங்க் போன்ற தாழ்சுற்றுச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் இந்தத் தடுமாற்றம் தெரிவதில்லை. ராயல் கரீபியன் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களில் அதைப் பொருத்தப்போவதாக அறிவித்ததும் உலகின் பெரிய கப்பல்களில் இணையத்தின் தரமே மாறத் தொடங்கியது.

தங்கவயலைப் பொறுத்தவரை இதில் ஒரு தனி வியப்பு உண்டு. அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அந்த ஆழத்துக்கு எந்த ரேடியோ அலையும் இறங்காது. கூண்டை ஏற்று, இறக்கு, நிறுத்து, ஆட்கள் ஏறுகிறார்கள் என்று மேலே சொல்ல, எண்ணி அடிக்கும் மணியோசைதான் சுரங்கத்தின் மொழியாக இருந்தது. பாறை எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்பதாலேயே 1960களில் விஞ்ஞானிகள் அங்கே கருவிகளோடு இறங்கினார்கள். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களின் தடயத்தை 1965இல் அந்தச் சுரங்கத்தில் பதிவுசெய்தார்கள். மூன்று கிலோமீட்டர் பாறையைத் தாண்ட முடியாத அதே அலை, 36,000 கிலோமீட்டர் வெட்டவெளியைச் சிரமமின்றித் தாண்டுகிறது. அலைக்குத் தூரம் பெரிய தடையல்ல. குறுக்கே என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

செலவு பற்றிய குழப்பம் தொடங்கும் இடம் வேறு. உலகின் ஒவ்வொரு செல்போன் வலையமைப்புக்கும் நாட்டு எண் ஒன்று உண்டு. இந்தியாவுக்கு 404, 405. இலங்கைக்கு 413. கப்பலிலும் விமானத்திலும் இயங்கும் வலையமைப்புகளுக்கு நாடு கிடையாது என்பதால், அவற்றுக்கென்று 901 என்ற எண்ணை ஒதுக்கியிருக்கிறார்கள். டெலினார் மேரிடைம் 901-12, விமானங்களில் இயங்கும் ஏரோமொபைல் 901-14, அமெரிக்கக் கப்பல்களில் பரவலாக இருக்கும் செல்லுலார் அட் சீ 901-18. சில போன்களில் நிறுவனப் பெயர் தெரியாமல் இந்த எண்ணே திரையில் வந்து நிற்கும். இலங்கைக்கு என்று வாங்கிய பேக் 413க்குத்தான் பொருந்தும். 901ஐத் தொட்ட நொடியில் அது பயனற்றுப்போகும். கட்டணம் வேறு பட்டியலில் ஓடத் தொடங்கும். பயணிகள் வாங்கும் வெளிநாட்டு இ-சிம்களும் பெரும்பாலும் இப்படித்தான்: நிலத்துக்கு மட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 அன்று தன் நாடுகளுக்கிடையே ரோமிங் கட்டணத்தை ஒழித்தது. ஒழித்தபோதும் கப்பல், விமான வலையமைப்புகளை அது சேர்த்துக்கொள்ளவில்லை. பல பேர் பெரிய பில்லோடு வீடு திரும்பிய பிறகு, 2022இல் புதுப்பித்த விதிகளில் ஒரு பாதுகாப்பு சேர்ந்தது: இத்தகைய வலையமைப்பில் 50 யூரோ வரம்பைத் தொட்டால் இணைப்பு தானாகவே துண்டிக்கப்பட வேண்டும். இந்தியாவில் கப்பலிலும் விமானத்திலும் செல்போன், இணையச் சேவை தருவதற்கான விதிகள் 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன; மறு ஆண்டு நெல்கோ நிறுவனம் கப்பல்களுக்கான சேவையைத் தொடங்கியது.

விலை ஏன் இப்படி?

2020 செப்டம்பரில் ஜியோ விமானப் பயணத்துக்கென்று தனித் திட்டங்கள் கொண்டுவந்தது. ஒரு நாளுக்கு 499, 699, 999 ரூபாய். 499 ரூபாய்க்குக் கிடைத்தது 250 எம்.பி. அதாவது ஒரு எம்.பி. இரண்டு ரூபாய். தரையில் அதே எம்.பி.க்குச் சில பைசாக்கூட ஆகாது. இது முன்கூட்டியே பேக் போட்டவருக்கான விலை. பேக் இல்லாமல் மாட்டிக்கொள்பவருக்குக் கட்டணம் இதைவிடப் பன்மடங்கு. உதாரணத்துக்கு ஒரு எம்.பி. 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே, பேரன் எடுக்கும் ஒரு புகைப்படம் சுமார் 4 எம்.பி. அது தானாக இணையச் சேமிப்புக்கு ஏறினால் 400 ரூபாய். ஒரு நிமிட வீடியோ 60 முதல் 130 எம்.பி. வரை. போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு அவன் சாப்பிடப் போயிருப்பான்; பின்னணியில் ஆப்கள் தங்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்.

கடலில் சேதிக்கு அதிக விலை என்பது நூறாண்டு தாண்டிய வழக்கம். 1912இல் டைட்டானிக் கப்பலில் பயணிகள் கரைக்குத் தந்தி அனுப்ப முதல் பத்துச் சொற்களுக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ். அதற்கு மேல் சொல்லுக்கு 9 பென்ஸ். விபத்து நடந்த அன்றிரவு தந்தி இயக்குநர் ஜாக் பிலிப்ஸ், குவிந்துகிடந்த பயணிகளின் சேதிகளைக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அருகிலிருந்த கலிஃபோர்னியன் கப்பல் பனிக்கட்டி பற்றிச் சொல்ல வந்தபோது, குறுக்கிட வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அந்த இரவின் பாடங்களிலிருந்து கடல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை பிறந்தது. இன்று பயணிகள் கப்பல்களில் ஆபத்துக்கால ரேடியோவும் செயற்கைக்கோள் தொடர்பும் கட்டாயம். அவை பயணிகளின் போன் பேக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாதவை. பாட்டியின் போனில் சிக்னல் இல்லை என்றாலும் கப்பல் தனித்துவிடப்படவில்லை.

அப்படியானால் என்ன போடுவது?

பயணத்தை மூன்று துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். சென்னைக் கரையோரம்: வழக்கமான பிளான் போதும். இலங்கை மண்ணில் இறங்கும் சில மணி நேரம்: இலங்கைக்கான ரோமிங் பேக், அல்லது அங்கே டயலாக், மொபிடெல் சிம். நால்வர் போனால் நால்வருக்கும் தேவையில்லை; ஒருவருக்குப் போட்டு, மற்றவர்கள் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துகொள்ளலாம். பேக் எந்த நேரத்திலிருந்து கணக்காகும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கடலில் இருக்கும்போதே தொடங்கிவிட்டால் பாதி நாள் வீணாகும்.

நடுக்கடல் மூன்றாவது துண்டு. அங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஒன்று, கப்பலின் வைஃபை. இதைக் கப்பல் நிறுவனம் விற்கிறது. விலை முதலிலேயே தெரியும். பணம் தீர்ந்தால் நின்றுவிடும். மற்றது, கப்பலின் செல்போன் டவர். இதற்குப் பில் போடுவது சிம் நிறுவனம். இரண்டும் பெரும்பாலும் மேல்தளத்து டிஷ் வழியாகத்தான் போகின்றன. ஆனால் ஒன்றில் செலவு கைக்குள் இருக்கும், மற்றதில் கை மீறும். கப்பலுக்கென்று தனி பேக் தரும் நிறுவனத்தின் சிம் என்றால், அந்தக் கப்பலின் பெயரும் அது பயன்படுத்தும் வலையமைப்பும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். பேக்கில் உள்ளே வரும் அழைப்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். 2020இல் வந்த ஜியோவின் விமானத் திட்டங்களில் அது இருக்கவில்லை.

கப்பல் துறைமுகத்தை விட்டதும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அதன் பிறகு வைஃபையை மட்டும் தனியே ஆன் செய்வது எல்லோருக்கும் பொருந்தும் வழி. வெறுமனே டேட்டா ரோமிங்கை அணைத்தால் இணையம் நிற்கும், அழைப்புகள் நிற்காது. தெரியாத எண்ணிலிருந்து வரும் கடன் விளம்பர அழைப்பை எடுத்தாலும் நடுக்கடல் கட்டணம்தான். ஏரோப்ளேன் மோடில் பேட்டரியும் மிஞ்சும். டவர் கிடைக்காத இடத்தில் போன் முழுச் சக்தியோடு தேடித் தேடியே சார்ஜைத் தீர்த்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு: ஓ.டி.பி. வராது. வங்கி வேலை, மின்கட்டணம், மாதத் தவணை எல்லாவற்றையும் கிளம்பும் முன் முடித்துவிடுவது நல்லது. தாத்தா தன் ஓய்வூதியக் கணக்கைக் கப்பலிலிருந்து பார்க்க நினைத்தால் மூன்று நாள் பொறுக்க வேண்டியிருக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் கப்பலின் பெயர், பயண எண், கப்பல் நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண் மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது எந்த பேக்கைவிடவும் பயன்படும். தனியாகச் சாட்டிலைட் போன் வாங்கி எடுத்துப்போகும் யோசனை மட்டும் வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம்; துராயா, இரிடியம் கருவிகளோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள்.

அந்தமானுக்குக் கப்பலில் போகிறவருக்குக் கணக்கு இன்னும் எளிது. சென்னையிலிருந்து கிளம்பி மூன்று நாள் நடுக்கடல். ஆனால் மறுகரையும் இந்தியாதான், பழைய பிளானே அங்கே ஓடும். 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் சென்னையை அந்தத் தீவுகளோடு இணைத்திருக்கிறது. கப்பலில் போகும் பயணி சிக்னல் இல்லாமல் கடக்கும் அதே கடலின் அடியில், கண்ணாடி இழைக்குள் ஒளியாக அந்தத் தீவின் இணையம் ஓடிக்கொண்டிருக்கிறது.

திரும்பும் நாளில் விடியற்காலை. ஏரோப்ளேன் மோடை எடுத்துவிட்டுப் பேரன் மேல்தளத்தில் நிற்கிறான். பாட்டி கீழ்த்தள அறையில், நீர்மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில் உள்ள ஜன்னலருகே. பழைய கணக்கையே போட்டால் அவன் போனுக்குச் சென்னை 46 கிலோமீட்டரில் எட்டும். பாட்டியின் போனுக்கு 34 கிலோமீட்டரில். இடையில் 12 கிலோமீட்டர், கப்பல் வேகத்தில் கிட்டத்தட்ட 25 நிமிடம். எஃகுச் சுவர் அதை இன்னும் நீட்டும். பாட்டியின் போன் விழிப்பதற்கு முன்பே பேரன் படியிறங்கி வந்து, சென்னை வந்துவிட்டது என்று சொல்லியிருப்பான்.